ஒருவர் கேம், இன்னொருவர் டவுன்லோட்: கொழும்பு வீட்டுக்கு ரவுட்டர் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஃபைபர் எடுத்த வீடுகளில் அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 100 காட்டுகிறது. ஆனால் வீட்டில் ஒருவர் டவுன்லோட் தொடங்கினால் போதும், மற்றவருடைய கேம் லாக் அடிக்கத் தொடங்கிவிடும். உடனே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போய், எட்டு அன்டெனாவும் சிவப்பு லைட்டும் வைத்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காசு போகும், லாக் போகாது.

ஏனென்றால் அந்த லாக் வேகம் குறைவதால் வருவதில்லை, வரிசை நீள்வதால் வருகிறது. கேம் அனுப்புவதும் வாங்குவதும் பாக்கெட் எனப்படும் சின்னச் சின்னத் தரவுத் துண்டுகள்தான். அதற்குப் பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ்கூட (விநாடிக்கு ஒரு மெகாபிட்) தேவைப்படாது. ஆனால் டவுன்லோட் இணைப்பை நிரப்பிவிட்டால், அந்தச் சின்னப் பாக்கெட்டும் பெரிய கூட்டத்துக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும். பலசரக்குக் கடையில் கல்யாண வீட்டுச் சாமான் பட்டியலோடு ஒருவர் முன்னால் நிற்க, நெருப்புப்பெட்டி வாங்க வந்தவர் அவருக்குப் பின்னால் காத்துக்கிடக்கிற நிலைமை. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்கென்று கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அதன் வழியில் வந்த எஃப்கியூ-கோடெல் 2018இல் ஆர்எஃப்சி 8290 ஆகப் பதிவானது. கேக் என்பது அதற்கும் அடுத்த தலைமுறை. நெருப்புப்பெட்டிக்காரரை முன்னால் விடுகிற வேலையைத்தான் இவை செய்கின்றன. நீங்கள் வாங்கப்போகும் ரவுட்டரில் முதலில் தேடவேண்டியதும் இதைத்தான். அன்டெனா எண்ணிக்கையெல்லாம் பிறகு.

படி 1: கடைக்குப் போகும் முன் அளந்து பாருங்கள்

லேப்டாப்பை இப்போதிருக்கும் பெட்டியில் கேபிளால் இணையுங்கள். வைஃபையில் அளந்தால் குறை இணைப்பிலா, வைஃபையிலா என்று பிரித்தறிய முடியாது. வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் ஃபாஸ்ட் டொட் கொம் தளத்தைத் திறந்து சோதனையை ஓடவிட்டு, மேலதிக விபரங்களைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். இணைப்பு சும்மா இருக்கும்போது எவ்வளவு தாமதம், நிரம்பியிருக்கும்போது எவ்வளவு தாமதம் என்று இரண்டு எண்கள் மில்லிசெக்கனில் வரும். வித்தியாசம் 30க்குள் இருந்தால் உங்கள் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினை பெரும்பாலும் வைஃபையில். 100ஐத் தாண்டினால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி உங்களுக்குத்தான்.

வெள்ளவத்தையில் உறவினர் வீடொன்றில் இதைச் செய்து பார்த்தோம். சும்மா இருக்கும்போது பிங், அதாவது போய்வரும் தாமதம், 40 மில்லிசெக்கன் சொச்சம். பக்கத்து அறையில் பிஎஸ்5 அப்டேட்டைத் தொடங்கச் சொன்னதும் 300ஐத் தாண்டியது. அப்டேட்டை நிறுத்தினால் சில விநாடிகளில் பழையபடி 40. அந்த வீட்டுக்கு இன்னும் வேகமான பக்கேஜ் தேவைப்படவில்லை.

அளக்கும்போது இன்னொரு கணக்கும் தெளிவாக இருக்கட்டும். பக்கேஜில் எழுதியிருப்பது மெகாபிட். பிசி கேம்களை இறக்கும் ஸ்டீம் செயலி பல நேரம் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் டவுன்லோட் விநாடிக்கு 12.5 எம்பி வந்தால் அது முழு வேகம், ஏமாற்று இல்லை. 100 ஜிபி கேம் ஒன்று அந்த வேகத்தில் இறங்க ஏறத்தாழ இரண்டேகால் மணிநேரம் எடுக்கும்.

எந்த ரவுட்டராலும் குறைக்க முடியாத ஒரு பகுதியும் இருக்கிறது. ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். போய்வர 27 மில்லிசெக்கன் கட்டாயம் வேண்டும். உண்மையில் சிக்னல் போகும் வழி அதைவிட நீளம். மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 போன்ற கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் மாறும் இடங்களும் உண்டு. கேமில் சேர்வரைத் தெரிவு செய்ய முடியுமானால் மும்பை, சிங்கப்பூர் இரண்டையும் போட்டுப் பாருங்கள். வரைபடத்தில் மும்பை கிட்ட. ஆனால் உங்கள் நிறுவனம் எந்த வழியால் அனுப்புகிறது என்பதைப் பொறுத்து சிங்கப்பூர் முந்திக்கொள்வதும் உண்டு. பிங்கைப் பாதியாக்கும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வையுங்கள்.

படி 2: நிறுவனம் தந்த பெட்டியை என்ன செய்வது?

எஸ்எல்டி-மொபிடெல் ஆகட்டும் டயலொக் ஆகட்டும், ஃபைபர் இணைப்பென்றால் சுவரில் ஓஎன்டி என்ற பெட்டி ஒன்று இருக்கும். ஒளியை இணையமாக மாற்றுவது அதுதான். அதைக் கழற்றிவிட்டு உங்கள் ரவுட்டரைப் போட முடியாது. அதற்குப் பின்னால்தான் போடவேண்டும். இங்கே மூன்று வழிகள் உண்டு.

சிறந்தது பிரிட்ஜ் மோட். ஓஎன்டி வெறும் மாற்றியாக மட்டும் இருக்கும். உங்கள் ரவுட்டரே இணைப்பை நேரடியாக எடுக்கும். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, பிரிட்ஜ் மோடில் போட்டுத் தருவீர்களா, இணைப்புக்குள் நுழையத் தேவையான பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தருவீர்களா என்று ரவுட்டர் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பியோ டிவி இருந்தால் அதன் பெட்டியை இப்போதிருக்கும் போர்ட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அது கிடைக்காவிட்டால், உங்கள் ரவுட்டரை ஓஎன்டிக்குப் பின்னால் ரவுட்டராகவே ஓடவிட்டு, ஓஎன்டியின் டிஎம்செட் பகுதியில் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே சாதனத்துக்கு அனுப்பும் அமைப்பு) உங்கள் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். ஓஎன்டியின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். பெயருக்கு இரட்டை என்ஏடி (முகவரி மாற்றம் இரண்டு பெட்டிகளிலும் நடப்பது) என்றாலும் பெரும்பாலான கேம்களுக்கு இது போதும்.

மூன்றாவது, புதிய ரவுட்டரை ஏபி மோடில், அதாவது வைஃபை பரப்ப மட்டும், போடுவது. செய்வது சுலபம் என்பதால் கடைகளில் பலர் இதைத்தான் சொல்லித் தருவார்கள். வைஃபை நன்றாகும், அவ்வளவுதான். வரிசையைக் கையாளும் வேலை பழைய பெட்டியிடமே இருந்துவிடுவதால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த வசதி சும்மா கிடக்கும். கேமுக்காக வாங்குகிறவர்கள் இந்த வழியைத் தவிருங்கள்.

பிஎஸ்5இல் என்ஏடி வகை 3 என்றோ எக்ஸ்பொக்ஸில் ஸ்ட்ரிக்ட் என்றோ வந்து, நண்பர்களோடு பேசவோ லொபியில் சேரவோ முடியாமல் போனால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் (WAN) முகவரியை, அதாவது நிறுவனம் உங்கள் ரவுட்டருக்குத் தந்த முகவரியை, பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தந்திருக்கிறது. அப்போது எந்த ரவுட்டரை மாற்றினாலும் அந்தச் சிக்கல் தீராது. தனிப் பொது ஐபி தருவார்களா என்று நிறுவனத்திடம்தான் கேட்கவேண்டும்.

4ஜி சிம் ரவுட்டரில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீதியில் ஃபைபர் வந்துவிட்டதென்றால், விலையுயர்ந்த ரவுட்டருக்கு வைத்திருக்கும் காசில் முதலில் ஃபைபருக்கு மாறுங்கள். மாலையில் கோபுரத்தில் நெரிசல் கூடும்போது 4ஜி வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மாறுகிற வேகத்துக்கு வரிசையைச் சரியாக அமைப்பது கடினம். வேறு வழியில்லை என்றால் பெட்டியைக் கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் வையுங்கள்; வெளி அன்டெனா பொருத்தும் துளை உள்ள மாடலை வாங்குங்கள்.

படி 3: கடையில் எதைப் பார்ப்பது?

முதல் கேள்வி போர்ட். எல்லாப் போர்ட்டுகளும் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்)? வைஃபை 1200 என்று பெரிதாக எழுதிவிட்டு, பின்பக்கம் 100 எம்பிபிஎஸ் போர்ட் வைத்த மலிவு ரவுட்டர்கள் இன்னும் விற்பனையில் உண்டு. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50 அந்த வகை. அதே நிறுவனத்தின் ஆர்ச்சர் சி6 கிகாபிட். 100 போர்ட்டில் உண்மையாகக் கிடைப்பது 94க்குச் சற்று மேலே. 300 எம்பிபிஎஸ் பக்கேஜுக்கு மாதாமாதம் கட்டிவிட்டு 94ஐப் பயன்படுத்துகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. கடையில் கேட்டால் "ஓம் அண்ணா, இது டூவல் பேண்ட், ஸ்பீட்தான்" என்று பதில் வரும். அது போர்ட்டைப் பற்றிய பதில் இல்லை. பெட்டியின் அடிப்பக்கத்தில் 10/100 என்று நின்றுவிடுகிறதா, 10/100/1000 என்று போகிறதா என்று நீங்களே வாசியுங்கள்.

இரண்டாவது, வரிசையைக் கையாளும் வசதி. எஸ்கியூஎம் (இந்த வரிசைக் கட்டுப்பாட்டின் பொதுப் பெயர்), எஃப்கியூ-கோடெல், கேக் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் அந்த மாடலின் விபரத்தில் இருக்கவேண்டும். கியூஓஎஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அது பல நேரம் வெறும் முன்னுரிமைப் பட்டியல். கேமை முதலில் அனுப்பு என்று சொல்லலாம், ஆனால் வரிசை நீள்வதை அது தடுக்காமல் போகலாம். நம்பிக்கையோடு போகக்கூடிய வழிகள் மூன்று. மைக்ரோடிக்: ரவுட்டர்ஓஎஸ் 7இல் எஃப்கியூ-கோடெலும் கேக்கும் உண்டு, ஆனால் அமைக்கும் பக்கங்கள் கடினம், பழகவேண்டும். அசுஸ்: மெர்லின் என்ற ஃபர்ம்வெயார் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) போடக்கூடிய பல மாடல்களில் கேக் கிடைக்கும், அமைப்பதும் இலகு. மற்றது ஓபன்டபிள்யூஆர்டி போடக்கூடிய எந்த ரவுட்டரும். 2004 தொடக்கம் வளர்ந்துவருகிற இலவச ஃபர்ம்வெயார் அது. நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். வாங்கும் முன் ஓபன்டபிள்யூஆர்டி தளத்தின் சாதனப் பட்டியலில் மாடல் பெயரை மட்டும் பார்க்காமல், ஸ்டிக்கரில் உள்ள வெர்ஷன் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் வெர்ஷன் 1க்குள் ஒரு சிப்பும் வெர்ஷன் 2க்குள் வேறு சிப்பும் இருக்கும். இங்கே கடைகளில் எந்த வெர்ஷன் வந்திருக்கிறது என்பது பெட்டியைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த வேலையைச் செய்வது ரவுட்டரின் பிராசசர். 100 எம்பிபிஎஸ் வரை நடுத்தர விலை ரவுட்டரே சமாளிக்கும். 300, 500 என்று போகிறீர்கள் என்றால் வேகமான ஆர்ம் சிப் உள்ள மாடல் வேண்டும். இல்லையேல் எஸ்கியூஎம்மைப் போட்டதும் மொத்த வேகமே விழுந்துவிடும்.

மூன்றாவதுதான் வைஃபை. இன்று வாங்குவதென்றால் வைஃபை 6. ஏஎக்ஸ்1800 என்று பெட்டியில் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574உம் 5 கிகாஹெர்ட்ஸில் 1201உம் சேர்ந்த கூட்டுத்தொகை. எந்த ஒரு ஃபோனும் 1800 பெறாது. அந்த 1201கூட ரேடியோவின் வேகம்தான். ஒரே அறைக்குள் அதில் பாதியோ கொஞ்சம் கூடவோ உண்மையாகக் கிடைத்தால் நல்லது. 100, 200 எம்பிபிஎஸ் வீட்டுக்கு அதுவே தாராளம். வைஃபை 7 சான்றளிப்பு 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. பிஎஸ்5 ப்ரோ போன்ற சில சாதனங்களைத் தவிர உங்கள் வீட்டில் உள்ளவற்றுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வித்தியாசக் காசை நல்ல பிராசசருக்குக் கொடுங்கள். முதல் தலைமுறை பிஎஸ்4 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு எந்த வைஃபை வாங்கினாலும் மாற்றம் தெரியாது, கேபிள்தான் மருந்து.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உள்ள மாடலா என்று விற்பவரிடம் கேளுங்கள். வேறு நாட்டுக்கென்று தயாரித்ததைக் கொண்டுவந்து விற்றால், சானல் அமைப்பும் பிளக்கும் மாறியிருக்கும், உத்தரவாதமும் இருக்காது.

படி 4: வீட்டுக்குள் ரேடியோ

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை தொடர்மாடிகளில் ஃபோனில் வைஃபை அனலைசர் ஒன்றைத் திறந்து பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் மேலும் கீழுமாகப் பக்கத்து வீடுகளின் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 மூன்று மட்டும். அவற்றைத்தான் முழுக் கட்டடமும் பங்குபோடுகிறது. கேம் சாதனங்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் வெவ்வேறு பெயர் வைத்தால் எது எதில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

5இலும் ஒரு கவனம் தேவை. 52 முதல் 144 வரையான சானல்கள் ராடாரோடு பகிர்ந்தவை. ராடார் போல ஏதாவது கேட்டால் ரவுட்டர் உடனே அங்கிருந்து விலகவேண்டும் என்பது விதி. விளையாட்டின் நடுவில் இணைப்பு அறும். ஆகவே முதலில் 36 முதல் 48 வரை முயலுங்கள். அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 160 போட்டால் பெட்டியில் எழுதிய எண் கிட்டவரும், ஆனால் அது ராடார் சானல்களுக்குள்ளும் பரவும். நெரிசலான கட்டடத்தில் நிலையாகவும் நிற்காது.

ஃபைபர் பொருத்த வருபவர்கள் பெரும்பாலும் வயர் உள்ளே வருகிற இடத்திலேயே, முன்கதவுக்கு மேலே பெட்டியை அடித்துவிட்டுப் போவார்கள். கேம் அறையோ கடல் பக்கம், கடைசியில். நடுவில் இரண்டு கொங்கிரீட் சுவர், குளியலறை ஓடு, ஒரு ஃபிரிட்ஜ். 5 கிகாஹெர்ட்ஸ் இதையெல்லாம் தாண்டும்போது மெலிந்துபோகும். ஓஎன்டி அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, உங்கள் ரவுட்டரை வீட்டு நடுவில், ஆள் உயரத்தில், டிவி அலுமாரிக்கு வெளியே வையுங்கள். இரண்டு மாடி வீடென்றால் மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தருவது) நல்லதுதான், பெட்டிகளுக்கிடையே கேபிள் ஓடினால் மட்டும். வயர்லெஸ்ஸில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் வேகம் குறையும், தாமதம் கூடும்.

படி 5: கேபிள்

இதில் பேச அதிகம் இல்லை. விளையாடுகிற பிசிக்கும் கொன்சோலுக்கும் கேபிள் போடுங்கள். கேட்5ஈ ஒன்றே 100 மீட்டர் வரை கிகாபிட் தரும்; விலை வித்தியாசம் சிறிது என்றால் கேட்6. முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரை, கடலோர ஈரக்காற்று அடிக்கும் வீட்டில் போடவே வேண்டாம். வாடகை வீட்டில் சுவர் துளைக்க முடியாவிட்டால் தட்டைக் கேபிளைச் சுவரோரமாகக் கொண்டுபோகலாம்.

படி 6: அமைப்பு

முதல் வேலை: அட்மின் கடவுச்சொல்லை மாற்றுவது, ஃபர்ம்வெயாரைப் புதுப்பிப்பது, பொத்தானை அழுத்தி வைஃபையில் இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்துவது. வைஃபை பாதுகாப்புக்கு, பழைய சாதனங்கள் ஏற்றுக்கொண்டால் டபிள்யூபிஏ3, இல்லையேல் டபிள்யூபிஏ2.

அப்புறம் எஸ்கியூஎம். அதைத் தொடங்கும் முன் ஹார்ட்வெயார் ஆஃப்லோட் அல்லது என்ஏடி வேகமூட்டி என்று ஏதாவது இருந்தால் நிறுத்துங்கள். அது ஓடினால் பாக்கெட்டுகள் எஸ்கியூஎம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கேபிளில் அளந்த வேகத்தின் 90 சதவீதத்தை எழுதுங்கள். டவுன்லோட் 100, அப்லோட் 50 என்றால் 90உம் 45உம். அந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது என்று தெரியும். ஆனால் அதை விட்டால்தான் வரிசை நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டரின் கையில் இருக்கும். வரிசை முறையாகக் கேக்கைத் தெரிவு செய்து, சேமித்து, ஃபாஸ்ட் டொட் கொம்மில் மறுபடி அளங்கள். நிரம்பிய நேரத் தாமதம் இன்னும் கூடவாக இருந்தால் 5 சதவீதம் குறையுங்கள். நன்றாக இருந்தால் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மாலை எட்டு மணிக்கு ஒருமுறை, காலையில் ஒருமுறை அளந்து, குறைந்த வேகத்துக்கு ஏற்ப வையுங்கள்.

வெள்ளவத்தை வீட்டில் இதைப் போட்ட பிறகு, அப்டேட் ஓட ஓடவே பிங் 50 பக்கம் நின்றது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, பக்கத்து அறையில் டவுன்லோட் தொடங்கியதே தெரியவில்லை.

டொரன்ட் பயன்படுத்துகிறவர்கள் அந்த மென்பொருளிலும் அப்லோட்டுக்கு எல்லை போடுங்கள். பெரும்பாலும் முதலில் நிரம்புவது அப்லோட்தான். அது நிரம்பினால் டவுன்லோடும் தள்ளாடும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால், ஸ்டீமில் அப்டேட் நேரத்தை அந்த மணிகளுக்குக் குறித்துவைக்கலாம்.

படி 7: கரண்ட்

2022 மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு மினி யூபிஎஸ் இல்லாத வீடு குறைவு. புதிய ரவுட்டர் வாங்கினால் அதன் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று பாருங்கள். பழையது 12 வோல்ட் 1 அம்பியராக இருக்கும், புதியது 12 வோல்ட் 2 அம்பியர் கேட்கும். பழைய மினி யூபிஎஸ் தாங்காமல் ரவுட்டர் தானே அணைந்து அணைந்து எழும்பும். ஓஎன்டிக்கும் யூபிஎஸ் வேண்டும், ரவுட்டருக்கு மட்டும் போட்டால் பயனில்லை.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி கடுமையாக இருக்கும். ஃபைபர் வழியாக மின்னல் வராது. பிளக் வழியாகவும், மாடிக்கு மாடி வெளியால் இழுத்த கேபிள் வழியாகவும் வரும். வானம் கறுத்ததும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். எரிந்த அடையாளமோ துருவோ இருந்தால் உத்தரவாதம் இல்லை என்று பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள், வாங்கும்போதே அதை வாசியுங்கள். பெட்டியையும் ஸ்டிக்கரையும் எறிய வேண்டாம். முதல் வாரத்திலேயே மேலே சொன்ன அளவுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். போர்ட் கிகாபிட்டில் பிடிக்கவில்லை, 5 கிகாஹெர்ட்ஸ் தானாக விழுகிறது என்பதுபோல ஏதாவது இருந்தால், மாற்றித் தரச்சொல்லிக் கேட்க அதுதான் நேரம்.